போட மட்டும் அனுமதி

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் சரியில்லை. மாற்றச் சொல்லி எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். இந்த ஆபீஸில் நான் சொல்லி எது நடக்கிறது? இதில் உட்காருங்கள்.

கோமதியைத்தானே பார்க்க வந்தீர்கள்? எல்லாரும் அவளைப் பார்க்கத்தான் வருகிறார்கள். வாசலில் போர்டு பார்த்தீர்களா, "ஆவுடை கேபிள் விஷன்" என்று? அந்த ஆவுடை நான்தான். ஆவுடையப்பன். கோமதி என் மகள். என் பெயர் வெளியே வெயிலில் காய்கிறது, அவள் உள்ளே ஏசியில் உட்கார்ந்திருக்கிறாள். இப்போது எங்கேயோ வயர் இழுக்கிற இடத்துக்குப் போயிருக்கிறாள்.

என்ன? பதினோராவது ஓட்டையா? ஓ, அது நீங்கள்தானா. காலையில் சொல்லிவிட்டுத்தான் போனாள். "அப்பா, இன்னைக்கு ஒருத்தர் வருவாரு. வயரெல்லாம் இழுத்தாச்சு. வந்ததும் பதினொண்ணைப் போட்டு விட்டிருங்க. வேற ஒண்ணும் பேச வேண்டாம்." வேறு ஒன்றும் பேச வேண்டாமாம். நான் என்ன சுவரா?

போடுகிறேன் தம்பி. போடாமல் எங்கே போகப்போகிறேன். போடுவதற்கு மட்டும்தானே எனக்கு அனுமதி இருக்கிறது! அந்தக் கொடுமையை யாரிடமாவது சொல்ல வேண்டும். ஊர்க்காரனிடம் சொன்னால் சிரிக்கிறான். நீங்கள் அசலூர் மாதிரி தெரிகிறது. கேட்டுவிட்டுப் போங்கள். டீ சொல்லட்டுமா? வேண்டாமா? சரி.

அதோ அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் ஒரு பெட்டி தெரிகிறதா, பச்சை பச்சையாக மினுக்கிக்கொண்டு? அதற்கும் சுவிட்ச் என்றுதான் பெயர். நம் வீட்டுச் சுவரில் இருக்கிற சுவிட்ச் இல்லை. ஊருக்குப் போகிற இன்டர்நெட் எல்லாம் அதிலிருந்துதான் பிரிகிறது. பெரிய கடை என்றால் தனியாக ஒரு ஓட்டை. சின்ன வீடுகள் என்றால் ஒரு தெருவுக்கே சேர்த்து ஓர் ஓட்டை. எந்த ஓட்டையைத் திறக்கலாம், எதை மூடலாம் என்று இந்தக் கம்ப்யூட்டரில் தட்டிச் சொன்னால் அது கேட்கும். நான் ஐந்தாம் வகுப்பு தம்பி. இங்கிலீஷ் தெரியாது. ஆனால் எழுத்துகளை உருவமாகப் பார்த்து மனப்பாடம் பண்ணிக்கொண்டேன், கோலம் போடப் பழகுகிற மாதிரி. திறப்பதற்கு ஒரு கோலம், மூடுவதற்கு ஒரு கோலம். பெட்டியை மாட்டிய மதுரைக்காரர் கற்றுக்கொடுத்தார். "அண்ணாச்சிக்குக் கை சுத்தம்"னு அவரே சொன்னார்.

அப்போதெல்லாம் எல்லாருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. யார் வேண்டுமானாலும் எதையும் செய்யலாம். என்ன குறைந்துபோச்சு? ஒன்றும் குறையவில்லை. இப்போது ஆளுக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு படி. ஒன்றிலிருந்து பதினைந்து வரைக்கும் படி. பதினைந்தில் இருக்கிறவர் எது சொன்னாலும் பெட்டி கேட்கும். ஒன்றில் இருக்கிறவர் வேடிக்கை பார்க்கலாம், தொடக்கூடாது. நடுவில் இருக்கிற படிக்கு இன்னின்ன கட்டளை மட்டும் என்று நாம் பிரித்துக் கொடுக்கலாமாம். கோமதி தனக்குப் பதினைந்து வைத்துக்கொண்டாள். சரி, படித்த பெண். லைன்மேன் காசிக்கு ஏழு. எனக்கு எவ்வளவு தெரியுமா? மூன்று!

காசிக்குப் போஸ்ட் மரம் ஏறக் கற்றுக்கொடுத்தவன் நான். அவன் ஏழு. நான் மூன்று. அவன் திறக்கலாம், மூடலாம். நான் திறக்க மட்டும் செய்யலாம். மூடுகிற கோலத்தைப் போட்டால் பெட்டி இங்கிலீஷில் ஏதோ திட்டுகிறது. முதல் தடவை அது வந்தபோது காசியைக் கூப்பிட்டேன். "ஏலே, என்னலே சொல்லுது இது?" அவன் திரையைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான். "அண்ணாச்சி, அது வந்து… ஒங்களுக்கு அதுக்கு அனுமதி இல்லைன்னு சொல்லுது அண்ணாச்சி." என் பெட்டி! என் கரண்டு! என்னைப் பார்த்துச் சொல்லுது!

திறக்க முடியும், மூட முடியாது. யோசித்துப் பாருங்கள். கொடுக்க மட்டுமே முடிகிறவனை எவன் மதிப்பான்? சாமியே எடுத்துக்கொள்ளவும் முடியும் என்பதால்தானே நாம் தேங்காய் உடைக்கிறோம்?

முன்னெல்லாம் வெறும் கேபிள்தான். இடுப்பில் கட்டிங் பிளேயரைச் செருகிக்கொண்டு நான் தெருவில் நடந்தால் தாசில்தார் ஆபீஸ்காரன்கூட எழுந்திருப்பான். ஒருத்தன் வாய் நீண்டால், ஏணியைச் சாத்து, ஏறு, ஒரே நறுக்கு. அன்றைக்கு ராத்திரி அவன் வீட்டில் மாமியாரும் மருமகளும் சீரியல் இல்லாமல் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். விடிந்ததும் தானாக வந்து நிற்பான். "அண்ணாச்சி, ஏதோ கோவத்துல பேசிட்டேன்." அவ்வளவுதான். மறுபடி ஏறி முறுக்கிவிட்டு வந்துவிடுவேன். கோர்ட் இல்லை, போலீஸ் இல்லை. ஊர் ஒழுங்காக இருந்தது.

கோமதி கேட்கிறாள், "அது மிரட்டல் இல்லையாப்பா?" என்று. மிரட்டலா? மரியாதை தம்பி அது.

சரி, எதனால் என்னை மூன்றாம் படியில் தள்ளினாள் என்று கேட்பீர்கள். கேளுங்கள். எல்லாம் ஒரு இலையில் ஆரம்பித்தது.

இந்த ஊர்ப் பூச்சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கிற உத்தண்டராமன் என்று ஒருத்தன். சங்கரன்கோவிலில் அவனைத் தெரியாதவர் கிடையாது. சின்ன வயதில் நானும் அவனும் ஒரே சைக்கிள். அவன் மிதிப்பான், நான் பின்னால் உட்கார்ந்து பூக்கூடையைப் பிடித்துக்கொள்வேன். அப்படிப் பழக்கம். போன தையில் அவன் மகளுக்குக் கல்யாணம். அமெரிக்காவில் இருக்கிற சொந்தக்காரர்கள் பார்க்க வேண்டும் என்று மண்டபத்துக்கு லைன் இழுத்து, கேமராவுக்கு இணைப்புக் கொடுத்து, முகூர்த்தம் முடிகிறவரை வயர் பக்கத்திலேயே குந்தி இருந்தவன் நான். நண்பன் வீட்டுக் கல்யாணம், ஒரு பைசா வாங்கவில்லை.

முகூர்த்தம் முடிந்தது. பந்திக்குப் போனேன். முதல் பந்தி. உட்கார்ந்தேன். இலை போட்டார்கள். தண்ணீர் தெளித்துவிட்டேன் தம்பி. நன்றாகக் கேளுங்கள், இலைக்குத் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டேன். உப்பு வைத்துவிட்டான். அப்போது உத்தண்டம் வருகிறான், கூடவே நகராட்சியில் ஒரு அதிகாரி. என் தோளைத் தட்டுகிறான். "வே ஆவுடை, எந்திரி வே. சாரு உட்காரட்டும். நீ அப்புறம் உட்காரலாம். நீ நம்ம ஆளுதானே."

எந்திரி வே!

தண்ணீர் தெளித்த இலையிலிருந்து ஒருத்தனை எழுப்பலாமா? உங்கள் ஊரில் எழுப்புவார்களா? எங்கள் ஊரில் நாயைக்கூட எழுப்ப மாட்டார்கள். நான் எழுந்தேன். அந்த அதிகாரி என் உப்பு இருக்கிற இலையில் உட்கார்ந்தான். அடுத்த வரிசையில் இருக்கிறவன் எல்லாம் பார்க்கிறான். நான் செருப்பைப் போட்டேன், வயரைக்கூடச் சுருட்டவில்லை, நேராக வீட்டுக்கு வந்து பழைய சோற்றில் மோர் ஊற்றிக் குடித்தேன்.

"நம்ம ஆளுதானே." நம்ம ஆள் என்றால் என்ன அர்த்தம்? எப்போது வேண்டுமானாலும் எழுப்பலாம் என்று அர்த்தம்.

இரண்டு வாரம் பொறுத்தேன். அவனாக வந்து ஒரு வார்த்தை சொல்வான் என்று பார்த்தேன். வந்தான். வந்து என்ன சொன்னான் தெரியுமா? "ஏன் வே சாப்பிடாமப் போயிட்ட?" குற்றம் பண்ணினவன் கேள்வி கேட்கிறான்! "வயிறு சரியில்லை"ன்னேன். "டாக்டர்ட்ட காட்டு வே"ன்னு சொல்லிவிட்டுப் போய்விட்டான். போகும்போது வாசல் பிள்ளையாருக்கு ஒரு மாலை மாட்டிவிட்டுப் போனான். வெள்ளிக்கிழமைதோறும் அவன் கடையிலிருந்து அந்த மாலை வரும், இப்போதும் வருகிறது. பயம் தம்பி, பயம். இல்லாவிட்டால் எதற்கு அனுப்புகிறான்?

அன்றைக்கே முடிவு பண்ணினேன். அவன் கடைக்குத் தனி ஓட்டை. காலையில் கேரளாக்காரன் போனில் பிச்சி என்ன விலை, மல்லி என்ன விலை என்று கேட்பான், இங்கிருந்து படம் எடுத்து அனுப்புவார்கள். ஒரு காலை லைன் இல்லாவிட்டால் பூ என்ன ஆகும்? பூ காத்திருக்குமா? அவனுக்குப் புரியும், எழுப்பினால் எப்படி இருக்கும் என்று.

கோமதி கோவிலுக்குப் போயிருந்த நேரம். கண்ணாடிக் கதவைத் திறந்து, பெட்டியில் அவன் வயர் எங்கே செருகியிருக்கிறது என்று பார்த்தேன். மேல் வரிசையில் இடமிருந்து ஐந்தாவது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணினேன். வந்து உட்கார்ந்து, ஐந்தாம் நம்பருக்கு மூடுகிற கோலத்தைப் போட்டேன். பெட்டி கேட்டது. அன்றைக்கெல்லாம் கேட்டது.

ஆனால் அந்தப் பெட்டி செய்தவன் யாரோ ஒரு கிறுக்கன். மேல் வரிசையில் ஒன்று, மூன்று, ஐந்து என்று வைத்திருக்கிறான். கீழ் வரிசையில் இரண்டு, நான்கு, ஆறு. எந்த ஊரில் இப்படி எண்ணுவார்கள்? மேலே ஐந்தாவதாக இருப்பது ஒன்பதாம் நம்பராம்! நான் மூடிய ஐந்து என்பது மேலே மூன்றாவது. அது வடக்குப் புதுத் தெரு. தெரு முழுக்க நின்றுபோச்சு. உத்தண்டம் கடையில் பிச்சிப்பூ நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது!

போன் அடிக்கிறது, அடிக்கிறது. எடுப்பேனா? உத்தண்டம்தான் கெஞ்சுகிறான் என்று நினைத்துக்கொண்டு நான் பாட்டுக்கு டீ குடித்தேன். கெஞ்சட்டும் என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் ஒரு பெண் வந்தாள். இசக்கியம்மாள் என்று பெயர், வடக்குப் புதுத் தெருவில் தையல் கடைக்காரியின் மகள். அந்தக் காலையில் அவளுக்குக் கம்ப்யூட்டரிலேயே இன்டர்வியூவாம், பெங்களூரில் ஏதோ கம்பெனி. பாதியில் நின்றுவிட்டதாம். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே இடத்தில் நின்றுகொண்டு அழுதாள். "எத்தனை தடவை போன் பண்ணேன் மாமா, ஏன் மாமா எடுக்கல?" என்றாள். கோமதி கம்பெனிக்குப் போன் பண்ணினாள், மெயில் எழுதினாள், இன்னொரு தடவை பாருங்கள் என்று கெஞ்சினாள். அவர்கள் வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம். இப்போது அந்தப் பெண் தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள். அதுவும் வேலைதானே?

கோமதி என்னைக் கேட்டாள், "யாருப்பா மூடினது?" நான் என்ன பொய் சொல்கிறவனா? "நான்தான்"னேன். "ஏன்?" "உத்தண்டத்துக்கு மூடினேன்." "அந்தப் பிள்ளை என்னப்பா பண்ணுச்சு?" என்கிறாள். அந்தப் பிள்ளைக்கு நான் எதுவும் பண்ணவில்லையே! நான் மூடியது உத்தண்டத்துக்கு. அது வேறு தெருவில் போய் விழுந்தால் பெட்டியைக் கேள். நம்பர் போட்ட கிறுக்கனைக் கேள். என்னைக் கேட்டால்?

"அப்போ சரியா எண்ணியிருந்தா உத்தண்டம் மாமா கடையை மூடியிருப்பீங்க. அது தப்பில்லையா?"

"தண்ணி தெளிச்ச இலைம்மா"ன்னேன்.

அன்றைக்குச் சாயங்காலமே படி பிரித்துவிட்டாள். பழைய பாஸ்வேர்டை அழித்தாள். கண்ணாடிக் கதவுக்குப் பூட்டு. கையால் பிடுங்கிவிடுவேனாம்! எனக்கு ஒரு பெயர் கொடுத்தாள், ஒரு பாஸ்வேர்டு கொடுத்தாள், மூன்றாம் படியில் உட்கார வைத்தாள். "முதல்ல ஒண்ணுதான் குடுக்கலாம்னு நெனச்சேன்ப்பா. பாக்க மட்டும். மனசு கேக்கல. போடுறதையாவது வச்சுக்கோங்க." இலவச வேட்டி கொடுக்கிற மாதிரிச் சொல்கிறாள்!

நான் விடுவேனா? சண்டை போட்டேன். சாப்பிடாமல் இருந்தேன். போர்டில் இருக்கிற என் பெயரைக் கழற்றுவேன் என்றேன். காசியே ஏணியைக் கொண்டுவந்து சாத்திவிட்டு, "அண்ணாச்சி, ஏறுறீங்களா, நான் ஏறட்டுமா?" என்கிறான், பரதேசி. கடைசியில் அவள் ஒரு கெடு வைத்தாள். "ஆடித் தபசு வரைக்கும் ஒங்க மேல ஒரு புகாரும் வரக் கூடாது. யார் வந்தாலும் மூஞ்சி காட்டாமப் போட்டுவிடணும். அப்படி இருந்தீங்கன்னா மூடுறதையும் தாறேன்." சத்தியம் வாங்கிக்கொண்டேன், அம்மன் பேரில்.

நாளைக்கு ஆடித் தபசு, எங்கள் அம்மன் திருவிழா. பார்த்தீர்கள்தானே, தெருவெல்லாம் பந்தல். இந்த நிமிஷம் வரைக்கும் என் மேல் ஒரு புகார் கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவனுக்கெல்லாம் போட்டேன். என்னை "ஏய் கேபிள்" என்று கூப்பிட்டவனுக்குக்கூடப் போட்டேன் தம்பி. இன்று ஒரு நாள். நீங்கள் ஒருத்தர். போட்டுவிட்டால் நாளைக்கு நான் முழு மனுஷன்.

சரி, பேசிக்கொண்டே இருக்கிறேன். போட்டுவிடுகிறேன். உங்கள் வீடு எது? எந்தத் தெரு?

மேல ரத வீதியா? மேல ரத வீதியில் எந்த வீடு?

மாடியா? யார் வீட்டு மாடி?

ஓஹோ.

மருமகனா நீங்கள்? நீங்கள்தான் மாப்பிள்ளையா? அன்றைக்கு மாலைக்குள் முகமே தெரியவில்லை. அதுதான் கோமதி பேரைச் சொல்லவில்லை! வேறு ஒன்றும் பேச வேண்டாம் என்றாளே, எதற்கு என்று இப்போது தெரிகிறது! பெற்ற மகள், தபசுக்கு முந்தின நாள், உத்தண்டத்தின் மருமகனை என் முன்னால் கொண்டுவந்து உட்கார வைக்கிறாள்! அவன் வீட்டுக்கு என் கையால் நான் போட வேண்டுமாம்!

போட மாட்டேன். போங்கள். போய்ப் புகார் சொல்லுங்கள். எனக்கு மூடத்தான் முடியாது, போடாமல் இருக்க முடியும். அதற்கு எந்தப் படியும் வேண்டாம். எழுந்திருங்கள். எந்திரிங்க!

என்ன? என்ன சொல்கிறீர்கள்?

எந்த இலை?

நில்லுங்கள். முதலிலிருந்து சொல்லுங்கள். கடைசிப் பந்தியில். சரி, பெண்ணைப் பெற்றவன் கடைசிப் பந்தியில்தான் உட்காருவான், அது எங்கும் வழக்கம். வந்தவரையெல்லாம் சாப்பிட வைத்துவிட்டு வீட்டு ஆட்களோடு உட்காருவான். அதில் நீங்களும் இருந்தீர்கள். சரி. அவனுக்குப் பக்கத்தில் ஓர் இலை. காலி இலை. யாரோ ஒரு சித்தப்பா வந்து உட்கார்ந்தார், அவரை எழுப்பிவிட்டானா? என்ன சொல்லி எழுப்பினான்?

"அது ஆவுடைக்கு."

ஆள் இல்லாத இலைக்கா பரிமாறச் சொன்னான்? அவியலுமா? பாயசம் வரைக்குமா?

கடைசிவரை யாரும் உட்காரவில்லையா? அவன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தானா?

அப்படியானால், "அப்புறம் உட்காரலாம், நீ நம்ம ஆளு" என்று அவன் சொன்னது…

இதை அன்றைக்கே சொல்லித் தொலைய வேண்டியதுதானே! "என் பக்கத்துல உட்காரு வே"ன்னு நாலு வார்த்தை சொல்ல அந்தக் கமிஷன்காரன் வாயில் என்ன பிச்சிப்பூவா கட்டியிருந்தது? வயிறு சரியில்லை என்றால் டாக்டரைப் பார் என்கிறான். மாலை அனுப்புகிறான். நான் தை மாசத்திலிருந்து கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன் தம்பி! சாப்பிடும்போது கோபம், தூங்கும்போது கோபம். அத்தனையும் இப்போது நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

சரி, உட்காருங்கள். உட்காருங்கள் மாப்பிள்ளை. ஐயோ, அந்த நாற்காலி இல்லை, கால் சரியில்லாதது அது. இதில்.

இதோ தட்டுகிறேன். பதினொன்று. திறக்கிற கோலம். அதோ பாருங்கள் கண்ணாடிக்குள், மேல் வரிசையில் ஆறாவது. பச்சை வந்துவிட்டதா? வந்துவிட்டது. வீட்டுக்குப் போன் பண்ணிக் கேளுங்கள், வருகிறது என்பார்கள்.

நல்லது. புகார் ஒன்றும் இல்லையே? கோமதியிடம் நல்லபடியாகப் போட்டுக் கொடுத்தார் என்று சொல்லிவிடுங்கள். நாளைக்கு எனக்கு மூடுகிற அனுமதி வந்துவிடும்.

வந்ததும், உங்கள் மாமனாரிடம் ஒன்று சொல்லுங்கள். கோபம் எல்லாம் ஒன்றும் இல்லை. சும்மா ஒரே ஒரு தடவை அவன் கடை லைனை மூடுவேன். ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம். பிறகு நானே திறந்துவிடுவேன். என்ன இருந்தாலும் தண்ணீர் தெளித்த இலை இல்லையா? அதற்கு ஒன்று செய்தால்தானே மனசு ஆறும்?

ஏன் எழுந்துவிட்டீர்கள்? யாருக்குப் போன் போடுகிறீர்கள்? வீட்டுக்குத்தானே? வீட்டுக்குத்தானே மாப்பிள்ளை?

கோமதியிடம் இதையெல்லாம் எதற்குச் சொல்ல வேண்டும்? வைத்துவிடுங்கள். இசக்கியம்மாளுக்கு ஆன மாதிரி இனி யாருக்கும் ஆகாது. இந்தத் தடவை சரியாக எண்ணுவேன், மேல் வரிசை, கீழ் வரிசை எல்லாம் பார்த்து.